பிக்கர்ஸ்கில் தம்பதிக்கு ஓர் அறை

"ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலா?"

கோடை முடிகிற சமயத்தில் ஒரு நாள், டர்ஹாமில் தங்கும் வீடு நடத்துகிற ஓர் அம்மாள் போனில் தெல்மாவிடம் கேட்ட கேள்வி இது. வீட்டில் ஆள் தங்கவைக்கிறவர்கள் எல்லாரும் எடுத்த எடுப்பில் கேட்பதுதான். தெல்மா போன் கம்பியை விரலில் சுற்றினாள்.

அடுத்த அறையில் கணவர் நார்மன் வரைபடத்தை மேஜை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். மகன் காலின் இறந்துபோனதிலிருந்து ஆறு வருஷமாக அவர் படுப்பது காலினுடைய அறையில். 'என் குறட்டை உன் தூக்கத்தைக் கெடுக்குது' என்று சொல்லித் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. இதை முகம் தெரியாத ஓர் அம்மாளிடம் எப்படிச் சொல்வது?

"ஒண்ணே போதுங்க" என்றாள் தெல்மா.

அதன்பிறகு எந்த ஊருக்குப் போன் போட்டாலும் அதே கேள்வி, அதே பதில். வேக்ஃபீல்டிலிருந்து காரில் கிளம்பி, இலை பழுக்கிற காலத்தில் ஸ்காட்லாந்தைச் சுற்றிவிட்டு வருவது, ஒவ்வொரு ராத்திரிக்கும் முன்கூட்டியே இடம் போட்டுவிடுவது என்று ஏற்பாடு. டர்ஹாம், பீபிள்ஸ், பிட்லாக்ரி என்று வரிசையாக இடம் போட்டாள். எல்லாமே நல்ல வீடுகள். வெளுத்த விரிப்பு, சூடான தண்ணீர், காலையில் வயிறு நிறையச் சாப்பாடு. ராத்திரி மட்டும் கட்டிலின் இந்த ஓரத்தில் அவள், அந்த ஓரத்தில் அவர். விடிந்து பார்த்தால் இருவருக்கும் நடுவில் விரிப்பு போட்டது போட்டபடி, ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கும்.

நார்மன் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கார் கற்றவர்கள். எதையும் முன்னாலேயே திட்டம் போடாமல் செய்யமாட்டார். அப்படிப்பட்டவருக்கு, பயணத்தில் புதன்கிழமை ராத்திரிக்கு மட்டும் இடம் போடவில்லை என்றதும் கோபம் வந்தது.

"நடுவுல ஒரு ராத்திரியை ஓட்டையா விட்டுட்டு யாராவது ஊருக்குக் கெளம்புவாங்களா?"

"சீசன் முடிஞ்சு பாதி வீட்டை மூடிட்டாங்களாம். அங்க போய் விசாரிச்சா கெடைக்கும்னாங்க."

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க."

பொய். அந்த ஓட்டையை அவளே பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். இந்தப் பயணமே அந்த ஓர் இரவுக்காகத்தான்.

வசந்த காலத்தில் பஸ் யாத்திரை போய்வந்த தெல்மாவின் தங்கை பெரில், தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கக்கூட மறந்து சொன்னாள். "மேற்குக் கடலோரத்துல, கில்பிரைட்னு ஒரு ஊரு. வாசல்ல தங்கும் வீடுன்னு பலகை தொங்குது. பின்பக்கம் ஒருத்தி போர்வை காயப்போட்டுட்டு இருந்தா. சத்தியமா ஜூடித்துதான்க்கா. என்னைப் பாத்தவுடனே போர்வைக்குப் பின்னால போயிட்டா."

ஜூடித், அவர்களுடைய மகள். ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கண்ணுக்குத் தெரியாமல் சாலையில் உறைந்து கிடந்த பனியில் கார் சறுக்கியது. ஓட்டியவள் ஜூடித். பக்கத்தில் இருந்தவன் தம்பி காலின். அவள் மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்பே, ஆஸ்பத்திரி நடையில் வைத்து, நார்மன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டார்.

"உனக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்திருக்கவே கூடாது நான்."

அடக்கம் முடிந்த மறுநாள் ஜூடித் வீட்டை விட்டுப் போனாள். நார்மனும் பயிற்சி கொடுப்பதை நிறுத்தினார். காரின் மேல் இருந்த பலகையைக் கழற்றினார். மாணவர் பக்கத்தில் உட்காரும் ஆசிரியருக்காக இடது இருக்கையின் காலடியில் வைத்திருந்த இன்னொரு பிரேக்கை மட்டும் ஏனோ கழற்றவில்லை. தெல்மா அந்த இருக்கையில் உட்காரும்போதெல்லாம் கால்களை ஒடுக்கி வைத்துக்கொள்வாள்.

அந்தப் புதன்கிழமைதான் இன்று விடிந்திருந்தது.

*

ஃபோர்ட் வில்லியமில் மழை. நார்மன் பெட்ரோல் போடப் போயிருந்தார். தெல்மா தனியாகச் சுற்றுலாத் தகவல் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

அங்கே போய்ச் சொன்னால் போதும். அடுத்த ஊருக்கு அவர்களே போன் போட்டு அன்றைய ராத்திரிக்கு இடம் பேசிக் கொடுப்பார்கள். நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். தெல்மாவுக்கு வேண்டியது அதுதான். அவள் குரலைக் கேட்டால் மறுமுனையில் போனை வைத்துவிடுவார்கள்.

"எந்தப் பக்கம்மா போறீங்க?" என்றாள் அங்கிருந்த எஃபி. தடித்த, சிரித்த முகம்.

"கில்பிரைட்."

"அடேயப்பா! அங்க இந்த மாசத்துல மானும் மழையுந்தானே இருக்கும்? தங்கற வீடு மூணு. ரெண்டை மூடியாச்சு. ஒண்ணுதான் தெறந்திருக்கு. ஒரு பொண்ணு தனியா நடத்துது. வாய் பேசாது. ஆனா வீடு கண்ணாடி மாதிரி இருக்கும்."

"அதுவே போதும்."

எஃபி எண்களைச் சுழற்றினாள். தெல்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூடித்தா? நான் எஃபி. இன்னிக்கு ராத்திரிக்கு ரூம் இருக்கா? மூணுமே காலியா? நல்லதாப் போச்சு. ரெண்டு பேரு. புருஷன் பொண்டாட்டி. இரு, கேக்கறேன்." போனைக் கையால் மூடினாள். "ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலான்னு கேக்கறா."

போனுக்குள்ளிருந்து, பூச்சி சத்தம் போல, ஒரு குரல் கசிந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அது அவள் பெற்ற குரல்.

"ஒண்ணு" என்றாள் தெல்மா.

"பேரு?"

இதை அவள் யோசித்து வைக்கவில்லை. இத்தனை மாதம் எல்லாவற்றையும் யோசித்தவள், இதைக் கோட்டை விட்டுவிட்டாள். ஹெப்வொர்த் என்ற சொந்தப் பெயரைச் சொல்லமுடியாது. பிறந்த வீட்டுப் பெயரும் மகளுக்குத் தெரியும். எஃபியின் பேனா காத்திருந்தது. முன்பல் தெரிய எஃபி சிரித்தாள். வாய்க்கு வந்தது வெளியே விழுந்துவிட்டது.

"பிக்கர்ஸ்கில்."

"மிஸ்டர் அண்ட் மிசஸ் பிக்கர்ஸ்கில்" என்று எஃபி போனில் சொன்னாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். "ஹலோ? ஜூடித்? லைன்ல இருக்கியா?"

சுவரில் ஒட்டியிருந்த ஏரிப் படத்தைத் தெல்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆங், சரி, சரி. சொல்லிடறேன்." எஃபி போனை வைத்தாள். "வரச் சொல்லிட்டா. இருட்டறதுக்கு முன்னாடி வந்துடணுமாம். ரோட்டுல இலை விழுந்து வழுக்கும், ஓட்டறவரை மெதுவா ஓட்டச் சொல்லுன்னா. அதிசயந்தான். வழக்கமா அவ வழிகூடச் சொல்லமாட்டா."

வெளியே வந்த பிறகுதான் தெல்மாவுக்கு நினைவு வந்தது. பிக்கர்ஸ்கில் அவர்களுடைய பல் டாக்டர் பெயர். சின்ன வயதில் ஜூடித்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார்? அவளேதான்.

*

ஒரே ஒரு வண்டி போகிற அகலத்தில் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க ஆங்காங்கே ஓர் இடம். ஒதுங்கியவருக்குக் கடந்து போகிறவர் ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்லவேண்டும். நார்மன் ஒருவரையும் விடாமல் விரலைத் தூக்கினார். மலைச்சரிவு முழுக்கப் பெரணிச் செடி துருப்பிடித்த மாதிரி கிடந்தது. வெள்ளைத் தண்டு பிர்ச் மரங்களில் மிச்சமிருந்த மஞ்சளையும் காற்று பறித்துக்கொண்டிருந்தது.

சொல்லிவிடவேண்டும். அடுத்த ஒதுங்குமிடத்தில் சொல்லிவிடுவோம் என்று தெல்மா நினைத்தாள். ஒதுங்குமிடம் வந்தது, போனது.

"வீட்டுக்காரம்மா எப்படி? ராத்திரிக்கு ஏதாவது சூடா குடுப்பாங்களா?"

"கேக்கல."

"வேற என்னதான் கேட்ட?"

"நார்மன், நான் ஒண்ணு சொல்லணும்."

அப்போதுதான் வளைவில் ஒரு வேன் தடதடவென்று எதிரே வந்தது. நார்மன் பிரேக்கை மிதித்தார். வேன் உரசுகிறாற்போல் கடந்து போனது.

"பைத்தியக்காரன்! இவனுக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ்..."

வாக்கியம் பாதியில் நின்றது. அந்த ஒரு சொல் காருக்குள் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"என்னமோ சொல்லணும்னியே" என்றார் நார்மன், அடுத்த வளைவைத் தாண்டியதும்.

"ஒண்ணுமில்ல. மெதுவா ஓட்டுங்க. இலை வழுக்குமாம்."

*

கில்பிரைட் என்பது கடலைப் பார்த்து நிற்கிற ஏழெட்டு வீடுகள். கடைசி வீட்டின் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் சங்கிலியில் ஒரு பலகை தொங்கியது. 'அறைகள் உண்டு.'

நார்மன் பெட்டிகளை இறக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தெல்மா பின்னாலேயே போனாள். மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது.

முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். முப்பத்தொரு வயதில் காதோரம் நரை. இடுப்பில் ஏப்ரன். கண் மட்டும் அதே கண்.

நார்மனின் கையிலிருந்த பெட்டி தரையில் இறங்கியது. "ஜூ..." என்று உதடு குவிந்தது.

"வாங்க மிஸ்டர் பிக்கர்ஸ்கில்" என்றாள் ஜூடித். "வாங்க மிசஸ் பிக்கர்ஸ்கில். நல்லா நனைஞ்சுட்டீங்க போல. ரோடு மோசமா இருந்துச்சா?"

நார்மன் திரும்பித் தெல்மாவைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கோபமாக இருந்தாலும் தாங்கியிருப்பாள். காலடியில் தரை இல்லாதவர் பார்க்கிற பார்வை அது.

இல்லை, நான் பிக்கர்ஸ்கில் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியும் போயிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வாசல் மிதியடியைக் குனிந்து பார்த்தார்.

"காலை இதுலதான் தொடைக்கணுமா?"

"ஆமாங்க. அதுலயே தொடைச்சுக்கலாம்."

அவர் துடைத்தார். இந்தக் காலை, அந்தக் காலை, மறுபடி இந்தக் காலை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாடியில் கடலைப் பார்த்த அறை. அகலமான ஒரே கட்டில். ஜூடித் குழாயைத் திறந்து காட்டினாள். "வெந்நீர் வர ஒரு நிமிஷம் ஆகும். வெளிய போய்வர இது வாசல் சாவி. ராத்திரிக்கு முழுச் சாப்பாடு கெடையாது, சூப்பும் ரொட்டியும் குடுக்கறேன்."

"ஜூடித்" என்றாள் தெல்மா.

"ஜன்னல் கொஞ்சம் இறுகியிருக்கும். கீழேர்ந்து தள்ளினா தெறக்கும்."

"ஜூடித், என் கண்ணு, நான்..."

"காலைச் சாப்பாடு எட்டு மணிக்குங்க. முட்டை அவிச்சதா, பொரிச்சதா?"

பதில் நார்மனிடமிருந்து வந்தது. "பொரிச்சது."

"ரெண்டு பக்கமும்" என்றாள் ஜூடித்.

அது கேள்வியாக வரவில்லை. அவர் திருப்பிப் போட்டுப் பொரித்த முட்டைதான் சாப்பிடுவார் என்று தெரிந்தவள் சொன்ன சொல். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஒரு கணம் முகம் அவிழ்ந்தது. உடனே அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

"உங்க பேரு இந்தப் பக்கம் கேள்விப்படாத பேரு" என்றாள். "நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எங்க ஊர்ல அந்தப் பேருல ஒரு பல் டாக்டர் இருந்தாரு. ஒவ்வொரு தடவையும் இடுக்கியை வாயில வைக்கறதுக்கு முன்னாடி சொல்லுவாரு, இது வலிக்கவே வலிக்காதுன்னு. எங்கம்மாவும் பக்கத்துல நின்னு தலையாட்டுவாங்க."

தெல்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொண்ணுங்க. காலையில நான் இருக்கமாட்டேன். பக்கத்து வீட்டு மிசஸ் மெக்ஃபீ வந்து சமைச்சுப் போடுவாங்க. வேணுங்கறதை அவங்ககிட்டக் கேளுங்க."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

*

"எப்பலேர்ந்து தெரியும்?" நார்மன் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டே கேட்டார்.

"வசந்த காலத்துலேர்ந்து. பெரில் பாத்துட்டு வந்து சொன்னா."

"அதான் புதன்கிழமைக்கு ஓட்டை."

"ஆமா."

"நானும் ஏதோ இலை பாக்கத்தான் கூட்டிட்டு வர்றேன்னு நெனச்சேன்." அவர் சிரிக்க முயன்றது பெருமூச்சாக முடிந்தது. "பேரு என்ன பேரு! நம்ம பேரையே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பா."

"சொல்லட்டுமே. அந்த வேண்டாமாவது நமக்குச் சொன்ன வேண்டாமா இருந்திருக்கும். இப்ப பாரு. இவ்வளவு மரியாதை. யாரோ பிக்கர்ஸ்கில்லுக்கு."

தெல்மாவுக்கு அழக்கூட வரவில்லை. வெளியே மலையில் எங்கோ ஆண்மான் ஒன்று அடித்தொண்டையில் கத்தியது. பதிலுக்கு எதுவும் கத்தவில்லை.

"இவகிட்ட கார் இல்ல" என்றார் நார்மன் திடீரென்று.

"என்ன?"

"அந்தக் கொட்டகையைப் பாரு. கார் நிறுத்தற எடம். கூரை வரைக்கும் வெறகு அடுக்கியிருக்கா. ஒரு கடைகூட இல்லாத ஊரு. கார் இல்லாம இங்க எப்படிக் காலம் தள்றா?"

கோட்டைக் கழற்றாமலே மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தெல்மா படியிறங்கினாள். கூடத்தைக் கடக்கும்போது ஜன்னல் பலகை கண்ணில் பட்டது. ஜூடித் அதைத் திருப்பிப் போட்டிருந்தாள். உள்ளேயிருந்து பார்த்தால் 'அறைகள் உண்டு' என்று தெரிந்தது. சாலையில் போகிறவர்களுக்கு 'இடமில்லை' என்று தெரியும். மூன்று அறையில் இரண்டு காலி. பின் யாருக்கு இடமில்லை? யாரும் வந்துவிடக்கூடாது என்றா? இந்த அவமானத்தை யாரும் பார்க்கக்கூடாது என்றா? தெல்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜூடித் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள விருந்தாளிங்க வரக்கூடாதுங்க. அடுப்பு எரியுது."

"ஒரு வார்த்தை பேசு ஜூடித். திட்டு. என்ன வேணா சொல்லித் திட்டு. இப்படி மட்டும் கூப்பிடாத."

கத்தி நின்றது.

"நீங்கதானே அந்தப் பேரைக் குடுத்தீங்க?"

"பயந்துட்டேன். வேற வழி தெரியல."

"காலையில எஃபி போன் பண்ணினா. பேரைக் கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு. வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன், வரல. சரி, வரட்டும், வந்து அவங்க பேரைச் சொல்லட்டும்னு நாள் முழுக்கக் காத்திருந்தேன். வாசல்ல நின்னு ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் யோசிச்சீங்க. அப்புறம் காலைத் தொடைச்சுட்டு உள்ள வந்தீங்க." மறுபடி நறுக்கத் தொடங்கினாள். "பொய்ப் பேருல வந்தவங்ககிட்ட நான் நெசமா என்ன பேசறது?"

"அவருக்கு எதுவுமே தெரியாதும்மா. நான்தான்..."

"அவரு ஹெப்வொர்த்னு சொல்லியிருக்கலாமே. ஒரு சொல்லு. யாரு தடுத்தா?"

ஜூடித் நறுக்கியதை வழித்துப் பானையில் போட்டாள்.

"சூப்பு மேல கொண்டுவரேன். நீங்க போங்க, மிசஸ் பிக்கர்ஸ்கில்."

*

தட்டோடு ஜூடித் மேலே வந்தபோது நார்மன் அதே நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் கட்டிலிலிருந்து ஒரு தலையணையும் மடித்த கம்பளியும் அவர் மடிக்கு வந்திருந்தன. ராத்திரியை நாற்காலியில் கழிக்க முடிவு செய்துவிட்டார். தெல்மா கட்டிலின் ஓரத்தில், வழக்கமான ஓரத்தில், உட்கார்ந்திருந்தாள்.

ஜூடித் தட்டைச் சின்ன மேஜையில் வைத்தாள். கம்பளியைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். வருஷக்கணக்கில் முன்பின் தெரியாத தம்பதிகளுக்குப் படுக்கை விரித்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கொஞ்சம் எந்திரிங்க" என்றாள் தெல்மாவிடம்.

மேல்விரிப்பை உருவினாள். அகலக் கட்டில் என்று தோன்றியது உண்மையில் சேர்த்துப் போட்ட இரண்டு ஒற்றைக் கட்டில்கள். மெத்தைகளை நடுவில் ஒரு நீள ஜிப் பிணைத்திருந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அதை இழுத்தாள். சர்ரென்ற அந்தச் சத்தம் தெல்மாவின் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது.

'வேண்டாம்' என்று சொல்ல நினைத்தாள். எதற்கு வேண்டாம்? இத்தனை ஊரில் அவள் சொல்ல வெட்கப்பட்ட பதிலை மகள் கேட்காமலே எழுதிவிட்டாளே.

ஜூடித் ஒரு கட்டிலைப் பிடித்து இழுத்தாள். கனமான கட்டில், தரையில் முரண்டு பிடித்தது. நார்மன் மடியிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். மறுமுனையைப் பிடித்தார். இருவரும் தூக்கினார்கள்.

"மெதுவா" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லை அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். பதினேழு வயதுப் பெண் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்தபோதும் இதே குரலில்தான் சொன்னார். கட்டில் அந்தரத்தில் நின்றது. தந்தையும் மகளும் கட்டிலுக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஜூடித்தான் முதலில் இறக்கினாள். நடுவில் ஓர் ஆள் நடந்து போகிற அளவு இடைவெளி விழுந்தது. அவள் அலமாரியிலிருந்து ஒற்றை விரிப்புகளை எடுத்து உதறினாள்.

"கடைக்கு யாரு கூட்டிட்டுப் போறா?" என்றார் நார்மன்.

"தபால் வேன் வரும். அதுல ஏறிப் போவேன்."

"மழையில?"

"மழையிலயும் தபால் வருங்க."

"நீ ஓட்டறதே இல்லையா?"

ஜூடித் தலையணை உறையின் மூலைகளை இழுத்து நேராக்கினாள். "எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தவரு, லைசென்ஸ் வாங்கிக் குடுத்திருக்கவே கூடாதுன்னு சொன்னாருங்க. அவரு ஊர்லயே பெரிய வாத்தியாரு. அவரு சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

நார்மனின் முகம் சுண்டிப்போனது. சொல்லுங்கள், இப்போதாவது சொல்லுங்கள் என்று தெல்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. தப்பாப் பேசிட்டேன். இரண்டே சொல்லில் முடிந்துவிடும். அவர் தொண்டையைச் செருமினார். உதடு அசைந்தது. சட்டைப் பையில் கையை விட்டார்.

வெளியே வந்தது கார் சாவி.

காலின் போனதிலிருந்து அந்தக் காரின் ஸ்டியரிங்கை அவர் வேறு ஒருவர் கையில் கொடுத்ததில்லை. சாவியைத் தட்டில், சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"காலையில நீ ஓட்டிப் பாரு" என்றார். "பயப்படாத. என் பக்கத்துல இன்னும் அந்த பிரேக் இருக்கு. நான் உக்காந்துக்கறேன்."

இதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொடுக்க அவரிடம் இல்லை. தெல்மாவுக்கு அது தெரியும். தன் உயிரை எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறார் மனுஷன். ஆனால் அந்தக் கடைசிச் சொற்கள் ஜூடித்தின் முகத்தில் போய் விழுந்ததையும் தெல்மா பார்த்தாள். பக்கத்தில் ஒரு பிரேக். இன்னும். அவளை நம்ப முடியாது என்பதற்காக, இத்தனை வருஷமும் கழற்றாமல் வைத்த பிரேக்.

"நார்மன்!" என்றாள் தெல்மா. "அப்படி இல்லம்மா ஜூடித், அவரு சொல்ல வந்தது..."

ஜூடித் விரிப்பின் கடைசி மடிப்பை மெத்தைக்கடியில் செருகினாள். நிமிர்ந்தாள். சூப்புக் கிண்ணங்களையும் ரொட்டியையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். தட்டில் சாவி மட்டும் மிஞ்சியது.

அதை எடுத்தாள். ஒரு கணம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பழைய தோல் வளையம், காலின் சின்ன வயதில் பல்லால் கடித்த தடத்தோடு அப்படியே இருந்தது. கட்டைவிரல் அந்தத் தடத்தின் மேல் ஒரு தடவை போய்வந்தது.

பிறகு நார்மனுக்கென்று விரித்த கட்டிலுக்குப் போனாள். தங்கியவர்கள் மறந்துவிட்டுப் போகிற பொருளை எடுத்து வைப்பதைப் போல, சாவியைத் தலையணையின் மேல், சரியாக நடுவில் வைத்தாள்.

காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிரிந்து கிடந்த இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நடந்து வெளியே போனாள்.